மாடுகளுக்குத் தாள் சேர்த்த மாதம்மாக்கா

பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிக்கு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது மாதம்மாக்காவின் மகள் செல்வி போன் செய்தாள். “அம்மா போயிட்டாங்க மாமா. மாட்டுக்குத் தாளு போட்டுட்டு வந்து உக்காந்தாங்க, அவ்வளவுதான்.” கடைக்காரர் சொன்ன விலைக்கே தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன். என் வாழ்நாளில் நான் பேரத்தைப் பாதியில் விட்டது அன்றுதான்.

ஊர்க்காரர்களான உங்களுக்கு அக்காவைத் தெரியும். சொந்தமாகக் கையகல நிலம் கிடையாது. இரண்டு கறவை மாடுகள்தான் பிழைப்பு. எங்கள் கொல்லையில் விளையும் ராகியை வருடா வருடம் அவரே அறுப்பார். கூலி வாங்கமாட்டார்; கதிர் போக மிஞ்சும் தாளை மட்டும் எடுத்துப்போவார். கோடை முழுக்க மாடுகளுக்கு அதுதான் தீவனம்.

மூன்று வருடங்களுக்கு முன் எனக்கு நவீன விவசாயி ஆகும் ஆசை வந்தது. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அறுவடை மெஷினை இறக்கினேன். அதன் முன்னால் நின்று செல்பிகூட எடுத்தேன். அது ராகியை எனக்கு மூட்டையில் தந்தது. தாளை நசுக்கி நிலமெங்கும் இறைத்தது. அரிவாளோடு வந்த அக்கா வரப்பில் நின்று பார்த்தார்.

“ராகிய எடுத்துக்கிட்டீங்க, சரிங்க தம்பி. என் மாடு எதைத் திங்கும்? உங்க மெஷின் டயரையா?”

மேற்கே மேகம் கறுத்திருந்தது. நனைந்த தாளில் பூசணம் பிடித்தால் மாடு மோந்துகூடப் பார்க்காது. “நாளைக்குப் பாத்துக்கலாங்க்கா” என்றேன்.

“மழைகிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டபடியே முந்தானையை இழுத்துச் செருகி, வாரத் தொடங்கினார். அவர் வார, நான் கட்டினேன். ஒரு கட்டைத் தலையில் ஏற்றி அவர் ரோட்டைக் கடக்கும்போது அது அவிழ்ந்து கொட்டியது. மாரண்டஹள்ளி பஸ் நின்றது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

“ஒரு கட்டு கட்டத் தெரியல. வேட்டி மட்டும் எப்புடித் தம்பி இடுப்புல நிக்குது?”

பஸ்ஸே சிரித்தது. நானும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

முதல் தூறல் விழும்போது கடைசிக் கட்டு கொட்டகைக்குள் போனது. அந்தக் கோடையில் தீவனமில்லாமல் பலர் மாட்டைச் சந்தைக்கு ஓட்டினார்கள். அக்கா ஓட்டவில்லை.

காரியத்தன்று உறவுக்காரர்கள் மாடுகளை விற்றுவிடலாம் என்றார்கள். செல்வி நேரே என்னிடம் வந்து கேட்டாள்.

“மாமா, இந்த வருசம் உங்க கொல்லைத் தாளு எங்களுக்குத்தானுங்களே?”

“உனக்குத்தான். மெஷின் வராது.”

“அப்ப மாடு எங்கியும் போவாது” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் காட்டப் போனாள்.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அவருடைய பிடிவாதம். தலைக்கு மேல் மழை நிற்கும்போதும் குனிந்து வாரத் தொடங்கிய பிடிவாதம். கதிர் பழுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை அறுப்பு. செல்வியோடு நானும் இறங்குகிறேன். நான் அறுக்கும் அழகைப் பார்த்துச் சிரிக்க விரும்புகிறவர்கள் தாராளமாக வரலாம். ஆளுக்கொரு அரிவாள் கொண்டுவரவும்.