குக்கர் சீறிய சத்தம்

லீவில் மலைமேல் இருக்கும் ஊருக்கு வந்தால் ஒண்டிக்கடை முக்கு டீக்கடையில் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்க, கப்பல் மேல ஏரோப்ளேன் எப்படிங்க எறங்குது?" எனக்குத் தெரியாது. விமானந்தாங்கிக் கப்பலில் இத்தனை வருடம் குப்பை கொட்டியும் விமானம் இறங்கி நான் பார்த்தது அபூர்வம். என் இடம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, பாய்லர் ரூமில். இதைச் சொன்னால் டீக்கடைக்காரருக்கு முகம் விழுந்துவிடும். அதனால் கொஞ்சம் கதை விடுவேன்.

உண்மையைச் சொன்னால், மேலே விமானம் ஏறி இறங்க கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓட வேண்டும். ஓடுவதற்கு நீராவி வேண்டும். நீராவிக்கு நாங்கள் வேண்டும். எங்கள் கப்பலோ கிழடு தட்டிப்போனது. பாய்லருக்குள் தண்ணீர் ஓடும் குழாய்களில் ஒன்று ஓட்டையானால், புதுக் குழாய் மாற்ற நேரமிருக்காது. இரண்டு முனையையும் அடைத்துவிட்டு, மிச்சக் குழாய்களை வைத்து ஓட்டுவோம். அடைத்த குழாய்கள் கூடக்கூட நீராவி குறையும். உதிரி பாகம் கேட்டால் பல மாதம் கழித்து ஒரு பெட்டி வரும். அதன்மேல் எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் எழுதியிருக்கும். திறந்தால் பாதி நேரம் வேறு எதற்கோ உள்ள வால்வு இருக்கும். அப்போது பக்கத்துப் பாய்லரை நிறுத்தி, அதிலிருந்து கழற்றி இதில் மாட்டுவோம். அடுத்த மாதம் அதற்கு வேண்டியதை இதிலிருந்து கழற்றுவோம்.

பாய்லர் ரூமில் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. அதிகச் சூடேறிய நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகப் புகை மாதிரி வருவதெல்லாம் ஆறிப்போன நீராவி. ஊசிமுனை ஓட்டை வழியாகப் பீறிட்டு வருவது தெரியவே தெரியாது, ஆனால் கையை நீட்டினால் கிழித்துவிடும். அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருந்த கருவி துடைப்பக் கட்டை. நீளமான கட்டையை முன்னால் நீட்டி, மேலும் கீழும் அசைத்தபடி அடிமேல் அடி வைத்துப் போவோம். கட்டை எங்கே அதிர்ந்து சிலும்புகிறதோ, ஓட்டை அங்கே. ஆனால் சும்மா யாரும் கட்டையைத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. எங்கேயோ சீறுகிறது என்று முதலில் ஒரு காதுக்குக் கேட்க வேண்டும். எங்கள் வாட்ச்சில், அதாவது ஒரே முறையில் வேலைக்கு இறங்கும் எங்கள் ஆட்களில், அந்தக் காது என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன முறை கடலுக்குப் போனபோது குழாய்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். பின்னால் யாரோ என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள். எனக்கு அடுத்த நிலையில் இருக்கும் பஞ்சாப்காரர். கோபத்தில் கண்டபடி திட்டினேன். அவர் கட்டையை எடுத்து, நான் போகவிருந்த இடத்தில் நீட்டினார். கட்டையின் நுனி துணுக்குத் துணுக்காகப் பிய்ந்தது. அன்றைக்குப் பாய்லருக்குக் காற்று ஊதும் விசிறிகளின் இரைச்சல் அதிகம், அதனால்தான் கேட்கவில்லை என்று சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

இந்த மே மாதம் லீவுக்கு எங்கள் ஊர் நாகலூருக்கு வந்தபோது தலைக்குமேல் ஒரு கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஓய்வு பெறும் காலம் வந்துவிட்டது. அந்தக் கிழட்டுப் பாய்லர்களைப் பழகிய ஆட்கள் குறைவு என்பதால், பணி நீட்டிப்புக்குச் சம்மதமா என்று எங்கள் இன்ஜினியர் அதிகாரி கேட்டிருந்தார். லீவு முடிவதற்குள் சொல்ல வேண்டும். எனக்குச் சம்மதம். என் மனைவிக்கு இல்லை. அவள் எஸ்டேட்டில் ரைட்டர், ஆட்களுக்குக் கணக்கு எழுதுபவள். ஆட்களை வேலை வாங்கி வாங்கித் தொண்டை பெருத்துவிட்டது என்று நான் கிண்டல் செய்வதுண்டு.

"அந்தக் கப்பலுக்கு வைத்தியம் பாத்துப் பாத்து நீங்களும் அதாட்டமே ஆயிருவீங்க" என்றாள். "போதுமுங்க. ஊட்டுல இருங்க."

"நான் இல்லாட்டி அங்க பாய்லர் ஓடாது அம்மிணி" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் அவள் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, துணி காயப்போட வெளியே போனாள். நான் சமையலறையிலேயே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்தே அவள் குரல் வந்தது.

"ஏனுங்க, கேஸ்கட் போயிருச்சு பாருங்க. அந்தச் சீறு சீறுது, பக்கத்துல உக்காந்துக்கிட்டு கேக்கலீங்களா?"

கேட்கவில்லை. எழுந்து குனிந்து பார்த்தேன். மூடியின் ஓரத்தில் நுரை லேசாகக் கட்டியிருந்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனேன். அடுப்பின் 'புஸ்' கேட்டது. வேறு ஒன்றும் இல்லை. கை தானாகக் கதவுக்குப் பின்னாலிருந்த சீமாற்றை எடுத்தது. ஈர்க்குச்சிகளின் நுனியை மூடியை ஒட்டி மெல்ல நகர்த்தினேன். கைப்பிடிக்குக் கீழே ஓரிடத்தில் குச்சிகள் படபடவென்று ஆடின. நின்று பார்த்தேன். குச்சி ஆடுகிறது, சத்தம் மட்டும் இல்லை.

"சோறாக்கற எடத்துல சீமாத்தைக் கொண்டாந்து நீட்டறீங்களே, மனுசன் செய்யற வேலையாங்க இது" என்றபடி வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

அன்று சாயங்காலம் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். சவுக்கு மரங்கள் அசையாமல் நின்றன. "சில்வண்டு கத்துதா?" என்று கேட்டேன்.

"காதைப் பொளக்குதுங்க."

இந்த வருடம் மலையில் சில்வண்டே இல்லை, எஸ்டேட்காரர்கள் மருந்தடித்தே கொன்றுவிட்டார்கள் என்று முந்தின வாரம் டீக்கடையில் ஒரு சண்டையே போட்டிருந்தேன். கடைக்காரர் மரியாதைக்காகச் சும்மா இருந்திருக்கிறார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. வேலையில் எங்களுக்கு அவ்வப்போது செய்ய வேண்டிய காதுப் பரிசோதனையும், கப்பல் பழுதுபார்ப்பில் இருக்கிறது என்ற சாக்கில் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நானும் ஞாபகப்படுத்தவில்லை, அவசியம் இருக்கிறது என்று தோன்றாததால்.

குக்கர் விசில் எனக்குக் கேட்கும். மணி கேட்கும். மனிதர்கள் சத்தமாகப் பேசினால் கேட்கும். மெல்லிய கூர்மையான சீறல் மட்டும்தான் கேட்காது. எனக்கு அங்கே இருந்த வேலையே அதைக் கேட்பதுதான். என் காதை நம்பி ஒரு வாட்ச் முழுவதும் ஆட்கள் குழாய்களுக்கு இடையில் நடக்கிறார்கள்.

அதிகாரியைப் போனில் கூப்பிட்டு, நீட்டிப்பு வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அப்படியானால் உங்கள் இடத்துக்கு யாரைப் போடுவது என்று கேட்டார். பஞ்சாப்காரரின் பெயரைச் சொன்னேன்.

அடுத்து அவரையே கூப்பிட்டேன். அன்றைக்குத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் தயங்கித் தயங்கி இந்தியில் சொன்னார்: "சீஃப், அன்றைக்கு முதலில் உங்களைக் கத்திக் கூப்பிட்டேன். பல தடவை. நீங்கள் திரும்பவில்லை. அப்புறம்தான் சட்டையைப் பிடித்தேன். வாட்ச்சில் எல்லோருக்கும் தெரியும். ரொம்ப நாளாகவே எங்களில் ஒருத்தர் உங்கள் பின்னாலேயே நடப்போம். நீங்கள் ஓய்வு பெறும்வரை இப்படியே சமாளித்துவிடலாம் என்று பேசி வைத்திருந்தோம்."

நன்றி என்றேனா, சரி என்றேனா, நினைவில்லை. போனை வைத்தேன்.

"என்னங்க சொல்றாரு?" என்றாள் மனைவி.

"எனக்குக் காது கேக்காதுங்கறது அங்க எல்லாத்துக்கும் தெரியுமாம்."

அவள் என் பக்கத்தில் வந்து, கொஞ்சம் நன்றாகக் கேட்கும் வலது காதுப் பக்கமாக உட்கார்ந்தாள். எப்போதும் அந்தப் பக்கம்தான் உட்காருகிறாள்.

"எனக்குந் தெரியுமுங்க" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் அவள் மெதுவாகத்தான் பேசுவாள், அந்தப் பெருத்த தொண்டை எனக்காக மட்டும்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.