இருதயம் சாரும் முப்பது பெருவிரல்களும்

இருதயத்தை ஆசிரியராக நியமித்ததற்காக அரசாங்கத்தைக் குறை சொல்ல முடியாது. கடமலைக்குண்டுப் பக்கம் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, வேலையும் இல்லாமல், சொந்தமாக சைக்கிளும் வைத்திருந்த ஆள் அந்த வருஷம் அவர் ஒருவர்தான். மூன்று தடவை எழுதித் தேறியவர் என்பதால், படிப்பு ஏறாதவர்களின் மனசு அவருக்குப் புரியும் என்று யாரோ நினைத்திருக்கலாம். நினைத்தவர் இருதயத்தின் வாயைக் கேட்டதில்லை. அவருடைய அப்பா மிக்கேலின் உழவு மாடுகள்கூட மகன் வைகிற வசவுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எழுபத்தொன்பதில் அவருக்கு ஒரு வயது வந்தோர் கல்வி மையம் கிடைத்தது. மையம் என்றால், மலையடிவாரத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்பின் நடுவே நின்ற புளியமரம். மரத்தில் ஒரு தகரப் பலகை, கீழே ஒரு கரும்பலகை, முப்பது சிலேட்டுகள். எங்கோ அச்சடித்து வந்த பாடப் புத்தகம் ‘வயல்’ என்று தொடங்கியது. அடுத்த பாடம் ‘ஏர்’. அதற்கடுத்தது ‘வங்கி’. தேன் எடுத்தும் கிழங்கு தோண்டியும் பிழைக்கிற முப்பது பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். தங்களிடம் இல்லாத மூன்று பொருள்களைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு மனுஷர் இவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்து வருகிறாரே என்கிற மரியாதை.

படிக்க வந்ததற்கு அவர்களிடம் வேறு காரணம் இருந்தது. தேன் குத்தகை எடுத்தவர் அந்த மரத்தில்தான் நோட்டீஸ் ஒட்டுவார். அவருடைய ஆளே அதைப் படித்தும் சொல்வான். அவன் படிக்கப் படிக்க நோட்டீஸ் நீண்டுகொண்டே போகும். அதன் உண்மையான நீளத்தைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான்.

முதல் மாதம், முப்பது பேரில் ஒருவரான சுருளியாண்டி சிலேட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். இருதயம் தம் வீட்டு மாடுகளுக்குரிய மொழியில் அவரைத் திருத்தினார். மறுநாள் ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பதினொரு நாள் புளியமரத்துக்குப் பாடம் நடத்திவிட்டு, பன்னிரண்டாம் நாள் மலையேறிப் போனார். ஊற்றோரம், படிக்க வந்துகொண்டிருந்த சுருளியம்மாள் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்து ஊதி, இருதயத்தின் கையில் கொடுத்தார்.

“ஏன் வரல?”

“நீங்க கோவமா இருந்தீக சார். ஆறட்டும்னு விட்டோம்.”

“பதினோரு நாளாவா?”

“ஒங்களுக்கு எம்புட்டு நாளு ஆகும்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

இருபத்தாறு வயதில், சூடான கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு, இருதயம் ஆசிரியர் பயிற்சி பெற்றார். சான்றிதழ் கிடையாது. அன்றிலிருந்து யாரையும் வைவதில்லை. ஒருத்தரை மட்டும் மெச்சுவதுமில்லை. அதுவும் அங்கே வசவு மாதிரிதான். எடுத்த தேனைச் சமமாகப் பங்கு வைக்கிறவர்கள், தெரிந்த எழுத்தையும் அப்படியே பங்கு வைத்தார்கள். ‘வயல்’ போய்த் ‘தேன்’ வந்தது. ஒரே வருஷத்தில் முப்பது பேரும் பேர் எழுதினார்கள். நோட்டீஸ் நாலே வரிதான் என்பதும் தெரிந்துபோயிற்று. குத்தகைக்காரரின் ஆள் தொண்டை சரியில்லை என்று சொல்லிப் படிப்பதை நிறுத்திக்கொண்டான்.

இப்படி ஒரு மையம் ஒழுங்காக நடந்தால் ஆய்வுக்கு வராமல் இருப்பார்களா? முன்னேற்றம் இல்லாத மையங்களை மூடச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. மேற்பார்வையாளர் சங்கரலிங்கம் ஜீப்பில் வந்து இறங்கினார்.

“என்னய்யா இது? காலண்டர்படி ஏழாம் பாடம் ஓடணும். ‘தேன்’ பத்தொன்பதாம் பாடம்.”

“தேன் எடுக்குற மாசம் இதுதான் சார்.”

“அதை எவன்யா ஒன்னைக் கேட்டான்? ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் பலகையில பேர் எழுதச் சொல்லு.”

இருதயம் குரலைத் தாழ்த்தினார். “தனித்தனியாக் கூப்பிடாதீக சார். சேர்ந்து உக்கார வச்சா எல்லாருமே எழுதுவாக.”

“சேர்ந்து எழுதுனா அதுக்குப் பேரு பரீட்சையா? காப்பி!”

வேறு வழியின்றி, கர்ணன் என்கிற இளவட்டம் எழுந்து போய்ப் பேர் எழுதினான். சங்கரலிங்கம் கைதட்டினார். “பாத்தீகளா! இவன் மனுசன். மத்ததெல்லாம் மாடு மாதிரி உக்காந்திருக்கு!”

கர்ணன் தன் பேரை உள்ளங்கையால் அழித்தான். சாக்பீஸை இருந்த இடத்திலேயே வைத்தான். முப்பது பேரும் சத்தமில்லாமல் எழுந்து மலைப்பக்கம் நடந்தார்கள். ஒருவரும் முறைக்கவில்லை, முணுமுணுக்கவுமில்லை. மரத்தடியில் அதிகாரியும் இருதயமும் முப்பது சிலேட்டுகளும் மிச்சம்.

‘கற்போர் அனைவரும் எழுத்தறிவற்றோர். ஆர்வமும் இல்லை. மையத்தை மூடலாம்’ என்று அறிக்கை போயிற்று. அழித்த பேர் கணக்கில் வராதல்லவா.

பதினைந்தாம் நாள் தபாலில் ஒரு படிவமும் மைப்பெட்டியும் வந்தன. மையம் வேண்டாமென்று கற்போரே மனமுவந்து கேட்டுக்கொள்வதாகப் படிவம் சொன்னது. கீழே முப்பது கட்டங்கள்; ஒவ்வொன்றிலும் இடது பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். இருதயம் அதைக் கொண்டுபோய்ச் சுருளியம்மாளிடம் நீட்டினார்.

அந்த அம்மாள் எழுத்துக் கூட்டி முழுசையும் வாசித்து முடித்தார். “வேணாம்னு நாங்களா கேக்குறோம்?”

“அப்பிடித்தான் போட்டிருக்கு.”

“இதக் குடுக்கலைன்னா ஒங்களை வைவாகளா?”

“வைவாக.”

“அப்பக் குடுத்துருவோம். எங்களால நீங்க ஏன் வசவு வாங்கணும்?”

பள்ளிக்கூடத்தையே விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரிந்துதான் சொன்னார். இருதயம் மைப்பெட்டியைத் திறந்தார்.

“அது கையில அப்பும் சார். பேனாவக் குடுங்க.”

காகிதம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. முப்பது கட்டத்திலும் முப்பது கையெழுத்து. சுருளியாண்டி போட்டதுதான் எல்லாவற்றிலும் நேராக இருந்தது. இருதயம் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: ‘கற்போர் எழுத்தறிவற்றோர் என அறிக்கையில் உறுதி செய்யப்பட்டிருப்பதால், இக்கையெழுத்துகள் அவர்களுடையவையாக இருக்க முடியாது. ரேகை பெற்று மறுபடி அனுப்பவும். அதுவரை மையம் நீடிக்கும்.’

இருதயம் அந்த ஒரு தடவைதான் அரசாங்க உத்தரவை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார். மையம் நீடித்தது. மைப்பெட்டியை வீட்டுப் பரணில் போட்டார், அங்கேயே காய்ந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு நினைவூட்டு வரும். அதையே வாசிப்புப் பாடமாக வைத்தார். புத்தகத்தைவிடப் பெரிய எழுத்து.

எண்பத்திரண்டில் வந்தது ஏழாவது நினைவூட்டு. ‘கடுமையான நடவடிக்கை’ என்று சிவப்பில் கோடு போட்டிருந்தது. சுருளியம்மாள் தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசித்துவிட்டு, காகிதத்தை மடித்து இருதயத்திடம் கொடுத்தார்.

“அந்தச் சாருக்கு இன்னும் கோவம் ஆறல போல. பேசாம இருப்போம். ஆறட்டும்.”