இடைவெளி விசையில் ஒரு தட்டு

நூலகத்தின் வலைத்தளத்தைக் கவனித்துக்கொள்கிற அக்காவுக்கு வலது கை வராமல் போய்விட்டதாம். வாயிற்காவலர் சொன்னதாக இதழ்கள் பிரிவில் இருப்பவர் சொன்னார். அவர் சொன்னதாக நூலகத்தின் தேநீர் அறை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தது.

பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். இரண்டு வாரமாக அவள் வலது கையை ஸ்வெட்டர் பைக்குள் சொருகிக்கொண்டு, மேசையிலிருந்த தொடுதிரையை இடது ஆட்காட்டி விரல் ஒன்றால் மட்டும் குத்திக்கொண்டிருந்தாள். சில நேரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குத்துவாள். ஒருநாள் தடித்த கம்பளிக் கையுறை வேறு.

நூலகத்தில் அவளுக்கு டொக் அக்கா என்று பெயர். கடிதமோ கணினி நிரலோ, எதை எழுதி முடித்தாலும் வலது கட்டைவிரலால் விசைப்பலகையின் இடைவெளி விசையை ஓங்கி ஒரு தட்டு. டொக். பூட்டிய கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அந்த ரகம். கடவுச்சொல்லுக்குப் பின்னாலும் தட்டிவிட்டு, உள்ளே நுழைய முடியாமல் தன்னையே திட்டிக்கொள்வாள்.

வாசகர்கள் தங்களுக்கு வேண்டிய நூலைக் கேட்டு எழுத நூலகப் பக்கத்தில் ஒரு பெட்டி உண்டு. நூலகத்தின் பதிலும் அதன் கீழேயே தெரியும். அந்தப் பெட்டிக்கு அடியில், தொட்டு எழுதத் திரையிலேயே ஒரு தமிழ் விசைப்பலகை வைக்கலாம் என்று அவள் கேட்டபோது, யாரும் புகார் செய்யவில்லையே என்றார் தலைமை நூலகர்.

"டைப் பண்ண முடியாதவங்க எப்படி சார் புகாரை டைப் பண்ணுவாங்க?"

அவர் சம்மதித்தார்.

பலகையை அவள் செய்யவில்லை. முகம் தெரியாத யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், திருத்தியும் கொள்ளலாம் என்று மூல நிரலோடு இணையத்தில் வைத்திருந்தது. பக்கத்தில் சேர்க்க நாலே வரி. குடித்தனம் பண்ணப் பழக்கத்தான் இரண்டு வாரம். கைப்பேசியில் திறந்தால் கைப்பேசியின் சொந்தப் பலகையும் எழும்பி வந்து, ஒரே இருக்கைக்குச் சீட்டு வாங்கிய இருவர் போல இரண்டும் முட்டிக்கொண்டன. ஒன்றை அடக்கினால் மற்றது 'அனுப்பு' பொத்தான் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தது. "கொஞ்சம் தள்ளி உட்காரும்மா" என்று அவள் திரையிடம் கெஞ்சியதைப் பக்கத்து மேசையிலிருக்கும் குழந்தைகள் பிரிவு நூலகர் காதால் கேட்டிருக்கிறாள்.

இத்தனைக்கும் காரணம் அவளுடைய அண்ணன். இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர்; எதிரே வருகிற வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு கைவசம் வைத்திருந்தவர். இரண்டு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதம் நாக்கையும் வலது கையையும் கட்டிப்போட்டுவிட்டது. புத்தி மட்டும் பழைய வேகத்தில் ஓடியது. மறுவாழ்வு மையத்தில் எழுத்து அட்டை ஒன்றைக் கொடுத்துத் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். அவர் 'த'வைத் தொட்டால் போதும், "தண்ணியா? தலைவலியா? தலையணையா?" என்று அண்ணி ஏலம் விட ஆரம்பித்துவிடுவார். நாலாம் நாள் அட்டை ஜன்னல் வழியாகப் பறந்தது. தன் வாக்கியத்தைத் தானே முடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. மையத்தின் பொதுக்கூடத்தில் பெரிய தொடுதிரை இருந்தது. அதில் தமிழ் இல்லை, புதிதாக எதையும் ஏற்றவும் விடமாட்டார்கள். ஆனால் நூலகப் பக்கம் திறக்கும். அவர் எழுதப்போகிற மாதிரியே எழுதிப் பார்க்கத்தான் அவள் வலது கை பைக்குள் போனது.

திங்கட்கிழமை பலகை பக்கத்தில் ஏறியது. பதினொன்றேகாலுக்கு மையத்திலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. ஆசையாகத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. செவ்வாயும் அதே நேரம், அதே வெறுமை.

புதன் காலை அண்ணி கூப்பிட்டார். "கால் மணி நேரமா குத்தி குத்தி எழுதுறாரு. என்னைக் கிட்டவே விடல. அனுப்பிட்டு நீ என்ன சொல்றேன்னு திரையையே பார்த்துட்டு இருக்காரு. இன்னைக்கும் பதில் வரலைன்னா இனிமே அந்தப் பக்கமே வரமாட்டேன்னு கையை ஆட்டிட்டாரு, பார்த்துக்க."

டொக் அக்கா உடனே தொடுதிரைப் பக்கம் திரும்பினாள். கையைப் பைக்குள் போட்டாள், ஒற்றை விரலால் எழுதினாள், அனுப்பினாள். எழுதியது எழுத்து பிசகாமல் வந்து சேர்ந்தது. பத்து முறை செய்தாள், பத்து முறையும் வந்தது. அப்படியானால் அண்ணன்தான் எழுதத் தெரியாமல் எதையோ குத்துகிறாரா? நினைக்கவே பயமாக இருந்தது.

குழந்தைகள் பிரிவு நூலகர் நாற்காலியை இந்தப் பக்கம் உருட்டினாள். "ஒரு சந்தேகம்க்கா. கடைசியில வலது கை பாக்கெட்ல இருந்து வெளிய வந்து, கீபோர்டுல ஒரு தட்டு தட்டிட்டு உள்ள போகுதே. அது உங்க அண்ணனுக்கும் வருமா?"

அவள் தன் கட்டைவிரலைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். திரைப்பலகை எழுத்துகளைப் பெட்டியில் வைத்தது. வைத்தேன் என்று பக்கத்துக்குச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது பக்கத்துக்குத் தெரியாது. நிஜப் பலகையில் விழுந்த அந்த ஒரு டொக்தான் பக்கத்தை உலுக்கி எழுப்பிப் பெட்டி முழுவதையும் படிக்க வைத்திருக்கிறது. அண்ணன் எழுதியதெல்லாம் சரி. அவரிடம் டொக் இல்லை.

ஒரு வரி சேர்த்தாள்: எழுத்து விழும்போதெல்லாம் பக்கத்துக்குச் சொல். நிஜப் பலகையின் கம்பியைப் பிடுங்கிப் பக்கத்து மேசைக்காரியின் மடியில் வைத்துவிட்டுச் சோதித்தாள். வந்தது. பலகையை எழுதிய முகம் தெரியாதவருக்கும் இந்த வரியை அனுப்ப வேண்டும் என்று உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டாள். மணி பத்து ஐம்பது.

பதினொன்று இருபதுக்கு ஒரு வேண்டுகோள் வந்தது.

'வாலு மூணு நாளா ஹாரன் அடிக்கிறேன் ஒதுங்கவே மாட்டேங்குற அன்னைக்கு த தொட்டது தண்ணிக்கு இல்ல தாடிக்கு ரெண்டு மாசமா அரிக்குது ஷேவ் பண்ண சொல்லு உன் அண்ணிகிட்ட'

இரண்டு முறை படித்தாள். சிரிப்பு வந்தது, மூக்கையும் துடைத்துக்கொண்டாள். மேசையில் கைப்பேசி அதிரத் தொடங்கியது. திரையில் 'அண்ணி'.

பக்கத்து மேசைக்காரி விசைப்பலகையை நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, டொக் அக்கா வலது கையைப் பைக்குள் சொருகிக்கொண்டாள். இடது விரலால் முதல் எழுத்தைத் தேடித் தொட்டாள். பிறகு அடுத்ததை. கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. வாக்கியம் முடிகிற இடத்தில் பைக்குள் கட்டைவிரல் ஒருமுறை துள்ளியது. மற்ற விரல்களால் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.