சமாதான மிஸ்

விவேக் நகரில் பிரிசில்லாவைப் போல வாய்த்தகராறுக்கு அஞ்சாத பெண்மணி இன்னொருத்தர் கிடையாது. ஆட்டோக்காரர், காய்காரர், கண்டக்டர் என்று ஒருவரையும் விடமாட்டார். அப்பேர்ப்பட்டவருக்கு ஊர் வைத்த பெயர் சமாதான மிஸ்! கேட்டால் சிரிப்பு வரும். அவர் செய்த வேலையைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

கோலார் தங்கவயலில் பிறந்தவர், தமிழும் கன்னடமும் தண்ணீர் பட்ட பாடு. தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் அடங்கிப் பள்ளி திறந்தபோது, அவருடைய ஐந்தாம் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு பக்கமும் கன்னடப் பிள்ளைகள் ஒரு பக்கமுமாகத் தாங்களாகவே பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பிரிசில்லாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அடுத்த வருஷமே நிரந்தர வேலையை உதறிவிட்டு, பள்ளி பள்ளியாகப் போய்ச் சமாதான வகுப்பு எடுக்கக் கிளம்பிவிட்டார்.

"சண்டை வந்தா, எதிராளி சொன்னத முதல்ல நீ சொல்லு. அப்புறம் உன் நியாயத்தப் பேசு." பாடம் அவ்வளவுதான். "இதுக்குப் போய் ஒரு டீச்சரா?" என்று நக்கலடிக்காத ஆசிரியர் இல்லை.

இரண்டாயிரத்து இரண்டில் காவிரி மறுபடி தலைப்புச் செய்தியானது. ஊரே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு மாலை, விவேக் நகரை அடுத்த ஈஜிபுரா குழாயடியில் இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டார்கள். தருமபுரியிலிருந்து புதிதாக வந்த கொத்தனார் பச்சைமுத்து விலக்கிவிடப் போய், கன்னடக்காரரான கௌரம்மாவின் மகன் மஞ்சுவின் கையைப் பிடித்தார். கௌரம்மா அலறிக்கொண்டு ஓடிவந்தார். பச்சைமுத்து பிடியை இறுக்கினார். பையன் திமிறியதில் எலும்பு முறிந்துவிட்டது.

"தாய் கதறக் கதறத் தமிழன் கைய ஒடிச்சுட்டான்" என்று ஒரு கூட்டம். "அந்தம்மாதானே பிடிக்கச் சொன்னாங்க" என்று இன்னொரு கூட்டம். பிரிசில்லா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது இரண்டு பக்கமும் கையில் கல் இருந்தது. ஒரு கல் பறந்தால் போதும், தொண்ணூற்றொன்று திரும்பிவிடும்.  ஆனாலும் நடுவில் போய் நின்றார்.

"யாரும் நியாயம் பேசக் கூடாது! ஏம்பா கொத்தனாரே, அந்தம்மா என்ன சொன்னாங்க? அத மட்டும் சொல்லு."

"புடி, புடின்னு கத்துனாங்க டீச்சரம்மா. சாமி சத்தியமா!"

புடி என்றா கத்தினீர்கள் என்று பிரிசில்லா கன்னடத்தில் கௌரம்மாவிடம் கேட்டார். ஆமாம், புடி புடி என்றுதான் தொண்டை கிழியக் கத்தினேன், அந்தப் பாவி கேட்கவில்லையே என்று கௌரம்மா அழுதார்.

பிரிசில்லா தலையில் அடித்துக்கொண்டார். "அட ஆண்டவரே! அது நம்ம புடி இல்லய்யா. அவங்க ஊர்க் கன்னடத்துல புடின்னா விட்டுடுன்னு அர்த்தம்!" அதையே கன்னடத்திலும் உரக்கச் சொன்னார்.

கல்லைப் பிடித்திருந்த கைகள் இறங்கின. பச்சைமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "விடுன்னா சொன்னாங்க? ஐயோ, பச்சப் புள்ள கையாச்சே..." கௌரம்மா ஓடிப்போய் அவர் முதுகில் மாறி மாறி அடித்தார். யாரும் தடுக்கவில்லை. சமாதான மிஸ்ஸும் தடுக்கவில்லை. அழுது தீரட்டும் என்று பக்கத்திலேயே நின்றார்.

ஆட்டோ வந்தது. பையனைத் தூக்கி ஏற்ற கௌரம்மா ஒருவரால் முடியவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, பச்சைமுத்துவைத்தான் கூப்பிட்டார். அவர் வந்தார், ஆனால் தொடப் பயந்து நின்றார். இனி எந்தச் சொல்லையும் நம்ப அவருக்குத் தைரியம் இல்லை. கௌரம்மா ஒன்றும் பேசாமல் அவருடைய இரண்டு கைகளையும் இழுத்து, மகனின் முதுகுக்கு அடியில் வைத்தார்.