அப்பா வேண்டாமென்று வக்கீல் வீட்டுக்குப் போனது

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் வேலை பார்த்தார். அறுபதுகளில் அது. சிகந்தராபாத்தில், லாலாகூடா குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எனக்குப் பதினேழு வயது, மூக்குக்கு மேல் கோபம். நர்ஸ் படிப்புக்கு ஆஸ்பத்திரியில் இடம் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் பதினெட்டு முடியாதவளுக்கு அப்பாவின் கையெழுத்து வேண்டும். அப்பாவோ தை மாதமே என்னை அரக்கோணத்து மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுப்பதில் குறியாக இருந்தார். எனக்குப் பதினெட்டு முடிவது சித்திரையில். அதற்குள் கழுத்தில் தாலி ஏறிவிடும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, தனக்குச் சட்டம் அத்துப்படி என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"கோர்ட்டுல என்னைக் கார்டியனா போட்டுட்டா உங்கப்பன் பேச்சு செல்லாது. கையெழுத்தை நானே போட்டுடுவேன்" என்று என்னை வக்கீலிடம் கூட்டிப்போனார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வக்கீல் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "கோர்ட்டு கார்டியன் போட்டா பதினெட்டுல நீ மேஜர் ஆகமாட்டேம்மா. இருபத்தொண்ணு ஆகணும்."

நான் மாமாவை முறைத்தேன். மாமா கூரையைப் பார்த்தார்.

"அதுவும் அப்பா உயிரோட இருக்கறச்சே, அவர் லாயக்கில்லாதவர்னு நீங்க ருசு பண்ணணும். என்ன பண்றார்? குடிக்கிறாரா, அடிக்கிறாரா?"

அப்பா பிடிவாதக்காரர். வாய்க்கு வந்தபடி திட்டுவார். ஆனால் டைபாய்டில் நான் கிடந்த நாட்களில், வேலை முடிந்து வந்ததும் கரி போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் என் நெற்றியைத் தொடுவார்.

"நக்கோ சார், வேண்டாம். எங்கப்பாவை அப்படியெல்லாம் நான் சொல்லமாட்டேன். அவர் லாயக்கான மனுஷன்தான்" என்று எழுந்துவிட்டேன்.

மாமாவின் வாயில் எதுவும் தங்காது. வீட்டுக்குள் நுழைந்ததுமே, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அப்பா ரசம், மோர் எல்லாம் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நான் லாயக்கானவன்னு வக்கீல்கிட்ட சொன்னியா?"

"ஆமாப்பா."

"அப்ப நான் சொல்றதைக் கேப்பியா?"

தொலைந்தேன், அரக்கோணம்தான் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

"காலையில சீக்கிரம் கிளம்பி நில்லு. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் நான் வேலைக்குப் போகணும். அரக்கோணத்துக்கு நான் சொல்லிக்கிறேன். உங்க மாமன் கூட வரவேணாம்."