வெனிலாக் கொடியும் அந்த மூன்று நாளும்

ஐஸ்கிரீமில் மணக்கும் வெனிலா, ஆர்க்கிட் என்னும் அலங்காரப் பூவினம் என்றால் எங்கள் பக்கத்தில் சிரிப்பார்கள். இலை தடித்து, தண்டு விரல் மொத்தத்தில், மரத்தைப் பிடித்து ஏறும் பச்சைக் கொடி அது. தொண்ணூறுகளில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் எங்கள் பாக்குத் தோப்பில் நாற்பது கொடி நட்டேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று.

வெட்டிய தண்டை ஒரு வாரம் நிழலில் வாடப் போட வேண்டும். பிறகு கொடி ஏற வளர்த்த கல்யாண முருங்கையின் அடியில் ஆழத் தோண்டாமல் படுக்க வைத்து, மக்கிய இலையால் மூட வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். கைக்கு எட்டாத உயரத்துக்குப் போகும் கொடியை வளைத்துத் தொங்கவிட வேண்டும். தொங்கும் கொடிதான் பூக்கும். எங்களுக்கு மூன்றாம் வருடம் தை மாதம் பூத்தது.

கொத்துக்குப் பதினைந்து மொட்டு இருந்தாலும் தினம் ஒன்றோ இரண்டோதான் விரியும். காலையில் விரிந்து உச்சிக்குள் வாடிவிடும். நம் ஊர் வண்டுகளால் அதற்குப் பயனில்லை. ஈர்க்குச்சியால் பூவுக்குள் இருக்கும் சிறு மடலைத் தூக்கி, மகரந்தத்தைப் பெருவிரலால் சூல்முடியில் அமுக்கிச் சேர்க்க வேண்டும். சேர்ந்தால் பூ வாடியும் காம்பில் நின்று காயாகும். சேராவிட்டால் மறுநாள் உதிரும். அதனால் பூக்கும் அந்த இரண்டு மாதமும் நான் எங்கும் நகரவில்லை. தாராபுரத்தில் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும் போகவில்லை.

ஆனால் மாதம் மூன்று நாள் எனக்குத் தோப்பே கிடையாது. வீட்டுக்கு விலக்கான நாட்களில் பின்கட்டு அறையைத் தாண்டக் கூடாது என்பது மாமியாரின் சட்டம்.

"ஏனுங்க அத்தை, பூவு ஒரு நாள்தானுங்க இருக்கும்."

"நீ தொட்டா மல்லியே பட்டுப்போகும் அம்மணி. இது சீமைக்கொடி வேற. எம்பையன் பாத்துக்குவான்."

முந்தின நாளே கணவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவருக்குப் பீளமேட்டில் மில் வேலை, ஆறு மணி பஸ்.

"மெதுவாங்க. போல்ட்டா முடுக்கறீங்க?"

"இருவது வருசமா மிஷின் ஓட்டறவனுக்கு ஒரு பூவு பெரிசா புள்ள?"

மூன்று நாளும் ஐந்தரை மணிக்கே, பூ பாதி விரிந்திருக்கும்போது, டார்ச் அடித்துப் பார்த்து அமுக்கிவிட்டுப் பஸ் பிடித்தார். பத்தொன்பது பூ. ஒன்றுவிடாமல் உதிர்ந்தன. அத்தை அவற்றை முறத்தில் பொறுக்கிக்கொண்டு வந்து என் அறை வாசலில் நின்றார்.

"சன்னல்ல நின்னு எட்டி எட்டிப் பாத்தியே, அந்தப் பார்வை போதாதா?"

"அவரு விரியறதுக்கு முன்னாலயே அமுக்கிப்போட்டாருங்க."

"பழிய எம்பையன் மேல போடறியா?"

அடுத்த மாதமும் அந்த மூன்று நாள் வந்தது. ஏழு மணிக்கு அத்தை பால் கேனோடு சொசைட்டிக்குப் போனால், ஊர்க்கதை பேசித் திரும்ப எட்டரை ஆகும். அவர் தலை மறைந்ததும் தோப்புக்குள் போனேன். ஈர மண்ணில் கால் தடம் பதியாமல் இருக்க, உதிர்ந்து கிடந்த பாக்கு மட்டைகளின் மேலேயே நடந்தேன். கணவர் தொட்ட ஒவ்வொரு பூவையும் மறுபடி தொட்டேன். மூன்று காலையில் இருபத்து மூன்று பூ. இரண்டு உதிர்ந்தன. இருபத்தொன்று நின்றன.

நான்காம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன். கணவர் கொடிகளைக் காட்டினார்.

"பாத்தியா புள்ள? எனக்குக் கை வந்துபோச்சு. நோட்டுல எழுது, இருவத்தொண்ணு."

அத்தைக்கும் சந்தோஷம். "இந்த மாசம் சன்னல் பக்கங்கூட நீ வரலை. அதான் பூவு நின்னுது."

எனக்கு உண்மை வாய்வரை வந்தது. போன வருடம் அந்த நாட்களில் என் கை பட்டுவிட்டதென்று ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாயை முழுக்கக் குப்பைக்குழியில் கொட்டியவர் அத்தை. சொன்னால் இருபத்தொரு பிஞ்சையும் அன்றைக்கே கிள்ளி எறிந்துவிடுவார். சொல்லாவிட்டால் அவர் சட்டத்துக்கு நானே சாட்சி. இரண்டில் எதைச் செய்தாலும் ஜெயிப்பது அவர்தான்.

அந்தப் பூக்கணக்கு நோட்டு கூடத்து ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் புரட்டலாம். தேதி, கொடி எண், விரிந்தது, நின்றது, தொட்டவர் என்று கட்டம் போட்டு வைத்திருந்தேன். தொட்டவர் என்ற கட்டத்தில் இருபத்தொரு பூவுக்கும் 'அவர்' என்று எழுதினேன். அதில் நான் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

எழுதி முடிக்கும்வரை அத்தை பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"நீ உள்ள இருக்கற மூணு நாள் பத்தாது கண்ணு. அடுத்த தையில அஞ்சு நாளாக்கிக்கலாம். இன்னும் நெறையாக் காய் நிக்கும்."

"சரிங்க அத்தை" என்றேன். 'அடுத்த தை, ஐந்து நாள்' என்று அந்தப் பக்கத்தின் அடியில் எழுதிக்கொண்டேன்.