குங்குமம் வைத்த மீன்

போன நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவில் ஏழு படியிலும் வழக்கமான பொம்மைகள்தான். தரையில், மற்ற வீடுகளில் பூங்காவும் கிரிக்கெட் மைதானமும் வைக்கிற இடத்தில், என் மனைவி நாற்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பூமியை வைத்தாள். நீலக் கோலப்பொடி கடல், களிமண் கண்டங்கள், கரையோரமாக அவளே பிடித்து வைத்த குட்டிக் குட்டி மீன்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இன்றைய நாட்டின் பெயர் எழுதிய சீட்டு. எந்த மீனுக்கும் தாடை கிடையாது.

சேலையூரில் கேம்ப் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் அடுக்ககம். நான் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அவள் பள்ளியில் அறிவியல் டீச்சர். பிள்ளை வேலைக்குப் போனதும், நாற்பது தாண்டிய வயதில், பகுதி நேரமாக ஆராய்ச்சியில் சேர்ந்தாள். தாடையில்லாத ஆதி மீன்களின் புதைபடிவங்கள் உலகத்தில் எங்கெங்கே கிடைக்கின்றன, ஏன் அங்கே மட்டும் கிடைக்கின்றன என்பதுதான் தலைப்பு. "ஊர்ல வேற மீனே கிடைக்கலையா உனக்கு?" என்று நான் கிண்டல் செய்தேன். "நீங்க சாப்பிடுற மீனைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க" என்றாள்.

எழுதுவதில் அவளை அசைக்க முடியாது. பேசுவதுதான் சிக்கல். வகுப்பில் பிள்ளைகளுக்கு முன்னால் சிங்கம் மாதிரி நிற்பவள், பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் வாயடைத்துப் போவாள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் துறையில் ஒரு முறை பேசச் சொன்னார்கள். யாரோ ஒருவர், "இந்தியாவில் ஏன் ஒன்றுகூட இல்லை?" என்று கேட்டார். மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவளுடைய வழிகாட்டிதான் எழுந்து சமாளித்தார். வெளியே வந்ததும், "வாய்மொழித் தேர்வில் நான் பேச முடியாதும்மா. நீங்கதான் பேசணும்" என்று சொல்லிவிட்டார். பூஜை விடுமுறை முடிந்ததும் அந்தத் தேர்வு.

"கொலுவுக்கு வர்றவங்ககிட்ட சொல்லிச் சொல்லிப் பழகிக்கிறேங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் கண்ணில் பயம் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

முதல் நாள் படுதோல்வி. வந்தவர்கள், "இது என்ன மீன்?" என்று கேட்க, "ரொம்பப் பழசு" என்று சொல்லிவிட்டு, சுண்டல் எடுக்கும் சாக்கில் சமையலறைக்குள் போனவள் திரும்பவில்லை. நான்தான் வெற்றிலை பாக்கு கொடுத்தேன்.

மறுநாள் கீழ் வீட்டு அக்கா வந்தார். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், அடுக்ககத்தில் யாருக்கு எது என்றாலும் முதலில் வந்து நிற்பவர். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். "பொலிவியாவுக்கு மீன், ஆஸ்திரேலியாவுக்கு மீன், ஓமனுக்குக்கூட மீன். நம்ம இந்தியா மட்டும் என்னடி பாவம் பண்ணிச்சு?" என்றவர், தட்டில் மிச்சமிருந்த ஒரு மீனை எடுத்து, 'இந்தியா' என்ற சீட்டு மட்டும் இருந்த கரையில் வைத்தார். அதோடு விட்டாரா? அதற்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார்.

"அக்கா, அங்க கிடைச்சதில்ல" என்று இவள் கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "கொலுவுல வச்சதை நடுவுல எடுக்கக் கூடாது. விஜயதசமி முடியட்டும்."

அதற்கு மேல் அப்பீல் ஏது? அவர் போனதும், "ஒரு மீன்தானே, இருந்துட்டுப் போகட்டும்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. "கிடைக்காத எடத்துல கிடைச்சதா காட்டினா அது பொய்ங்க" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து வீடு மாறிவிட்டது. வருகிறவர்கள் பாயில் உட்காரும் முன்பே, "அந்தக் குங்குமம் வச்ச மீனை மட்டும் நம்பாதீங்க" என்று ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்காமல் யாரால் இருக்க முடியும்? அவளும் சொல்லாமல் விடவில்லை. வெட்கத்தைவிட அந்தப் பொய் அவளை அதிகமாக உறுத்தியது.

அப்படித்தான் நானும் முதன்முறையாக அதை முழுசாகக் கேட்டேன். இன்றைக்குப் பொலிவியாவில் அந்த மீன் கிடைப்பது மலையில், ஆஸ்திரேலியாவில் நட்ட நடு வறண்ட நிலத்தில், ஓமனில் பாலைவனத்தில். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அன்றைய பூமியில் வைத்துப் பார்த்தால் எல்லாமே ஒரே பெரிய தெற்குக் கண்டத்தின் விளிம்பு, ஆழமில்லாத கடல். தலையில் எலும்புக் கவசம், பக்கத் துடுப்பு கிடையாது, வால் மட்டும்தான். ஆழ்கடலைத் தாண்டும் தெம்பு அதற்கு இருந்திருக்காது. அதனால் கரையை ஒட்டியே பரவியது. அன்றைய வட அமெரிக்கக் கண்டத்தில் இருந்தவை வேறு வகை. பிற்காலத்தில் சீனாவிலும் வியட்நாமிலும் இருந்த ஒரு வகை அந்தப் பக்கத்தை விட்டு எங்கும் போகவில்லை.

"ஓமனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவுலதான் இந்தியா இருந்துச்சு. நியாயமா இங்கயும் இருந்திருக்கணும்" என்பாள். பிறகு ஜன்னல் பக்கம் கை காட்டுவாள். "நம்ம பல்லாவரம் மலைக் கல்லு அந்த மீனைவிட ரொம்ப ரொம்பப் பழசு. பூமிக்கு அடியில வெந்து வந்த கல்லு. அதுல மீன் இருக்காது. இமயமலையில அந்தக் காலத்துக் கடலடிப் பாறை இருக்கு. ஆனா மடிஞ்சு நசுங்கிக் கிடக்கு." கையில் சுண்டல் கிண்ணத்தோடு நான் நின்றுவிடுவேன். இத்தனை வருஷம் இவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், இவள் தலைக்குள் இவ்வளவு பெரிய கடல் இருப்பது தெரியாமல். பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். செங்கல்பட்டுப் பக்கம் உள்ள கல்லூரி. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஏட்டைப் புரட்டிவிட்டு, நான் பயந்த அதே கேள்வியைக் கேட்டார். இந்தியா ஏன் காலி?

அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

"தெரியாது சார்" என்றாள். எல்லாம் ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் சொல்கிறேன். "ஆனால் ஏன் தெரியவில்லை என்பதைச் சொல்ல முடியும்."

அலுவலகத்தில் நான் எத்தனையோ மேலதிகாரிகளிடம் "பார்க்கிறேன் சார்" சொல்லியிருக்கிறேன், "கோப்பு நகர்கிறது சார்" சொல்லியிருக்கிறேன். தெரியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வார்த்தையைத் தலை நிமிர்ந்து சொல்லலாம் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன் பிறகு அவள் பேசினாள். தேர்வாளர் குறுக்கே கேட்டார், பதில் சொன்னாள். அவர் தலையாட்டினார். இன்னொரு இடத்தில் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இவளும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அவரே எழுந்து வந்து, "வாழ்த்துகள், டாக்டர்" என்று கை கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டை கொண்டுபோகவில்லை.

திரும்பும்போது ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பொத்தேரியில் பேச ஆரம்பித்தாள். அந்தக் கேள்விக்கு இன்னும் என்ன சொல்லியிருக்கலாம், இமயமலையில் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் எந்தப் பாறையில் முதலில் தேட வேண்டும், அங்கே போக எந்த மாதம் நல்லது, எனக்குக் குளிர் தாங்குமா. கூடுவாஞ்சேரி போனது, வண்டலூர் போனது. தொண்டை கட்டிப்போய்க் குரல் கரகரத்தது. அப்போதும் அவள் நிறுத்தவில்லை. நாங்கள் இறங்க வேண்டிய தாம்பரம் வந்தது. பாதிப் பெட்டி இறங்கியது. அவள் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன். சொல்லவில்லை.